சோயா மீட் பெக்கட்டில் “மரபணு மாற்றப்பட்டது” என்று ஏன் எழுதியிருப்பதில்லை?

தலவாக்கலைப் பக்கம் தோட்டத்துக்குள் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: “சோயா மீட் எல்லாம் ஜீன் மாற்றியது என்கிறார்களே, பெக்கட்டில் ஏன் ஒன்றும் போடவில்லை? போட வேண்டும் என்று சட்டம் கிடையாதா? நுவரெலியா மரக்கறியிலும் இது வந்துவிட்டதா? கிளினிக் போய்வரும் தாய்மார் கடையில் நின்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?”

மரக்கறியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குப் பதில் சுலபம். இலங்கையில் மரபணு மாற்றப்பட்ட எந்தப் பயிரையும் வணிக அளவில் பயிரிட இதுவரை அனுமதி கொடுக்கப்படவில்லை. கந்தப்பளையிலும் ராகலையிலும் வெலிமடையிலும் விளைகிற கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு எதுவும் அந்த வகை அல்ல. கரட்டிலும் லீக்ஸிலும் கோவாவிலும் அப்படி ஒரு ரகம் உலகச் சந்தையிலேயே கிடையாது. பீட்ரூட்டைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவில் சீனி எடுக்கிற வெள்ளை பீட் பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்டது. நாம் கறி வைக்கும் சிவப்பு பீட்ரூட் வேறு பயிர், அதில் மாற்றம் இல்லை. தேயிலையிலும் இல்லை.

இந்தச் சந்தேகம் பெரும்பாலும் விதை டின்னிலிருந்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஹைபிரிட் விதை விலை கூடியது, இளஞ்சிவப்போ பச்சையோ சாயம் பூசியிருக்கும், விளைந்ததிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த போகம் ஒழுங்காக வராது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் “இது ஜீன் மாற்றிய விதை” என்று முடிவுகட்டுகிறார். சாயம், விதையோடு சேர்த்துப் பூசிய பூஞ்சண மருந்தைக் காட்டும் அடையாளம். அந்த விதையைச் சாப்பிடக்கூடாது, கோழிக்கும் போடக்கூடாது. ஹைபிரிட் என்பது இரண்டு தூய வரிசைச் செடிகளை மகரந்தத்தால் கலந்து பெற்ற முதல் தலைமுறை. அதன் பிள்ளைகள் தாத்தா, பாட்டி குணங்களாகப் பிரிந்து போவதால்தான் அடுத்த போகம் சமமாக வருவதில்லை. “முளைக்காத மலட்டு விதை” என்று பேசப்படும் தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது உண்மை. ஆனால் 2000இல் உயிரியல் பல்வகைமைச் சமவாய நாடுகள் அதை நிறுத்திவைத்தன, இன்றுவரை எங்கும் விற்பனைக்கு வரவில்லை. மரபணு மாற்றம் என்பது ஆய்வுகூடத்தில் ஒரு மரபணுவை எடுத்துச் செடிக்குள் சேர்ப்பது. ஆக, ஹைபிரிட் வேறு, மரபணு மாற்றம் வேறு.

டவுன் கடைகளில் அப்பிள் வாங்கும்போது ஒட்டியிருக்கும் இலக்கத்தைப் பார்த்து, “8இல் தொடங்கினால் ஜீன் மாற்றியது” என்றும் சொல்கிறார்கள். நான்கு இலக்கம், 3 அல்லது 4இல் தொடங்கினால் வழமையான பழம். முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் இயற்கை முறையில் விளைந்தது. 8ஐ மரபணு மாற்றப்பட்டவற்றுக்கென்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தார்கள், சந்தையில் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஸ்டிக்கரில் 8 தேடி ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் உங்கள் கடையில் எதைப் பார்க்க வேண்டும்? உலகில் இந்த வகைப் பயிர்கள் ஏறத்தாழ 200 மில்லியன் ஹெக்டேயரில் விளைகின்றன. அதில் மிகப் பெரும் பங்கு நான்கே பயிர்கள்: சோயா, சோளம், பருத்தி, கனோலா என்கிற கடுகு வகை. இந்த நாலும் எந்த உருவில் கடைக்கு வருகின்றன என்று பார்த்தால் போதும். சோயா மீட், சோயா எண்ணெய், சோளமா, சோளத்தில் செய்த நொறுக்குத் தீனி, மாஜரீன், பிஸ்கட்டிலும் சொக்லேட்டிலும் இ322 என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின், குளிர்பானத்தில் வரும் சோளப் பாகு. மற்றவை நிம்மதியாக விற்கலாம். மைசூர்ப் பருப்பிலும் கடலையிலும் மரபணு மாற்றிய ரகம் விற்பனையில் இல்லை. தேங்காய் எண்ணெயும் பாம் எண்ணெயும் இந்தக் கணக்கில் வராது. கோதுமை மாவைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் லயத்தில் அடுப்பெரிந்தால் ரொட்டிதான். கோதுமையில் சூரியகாந்தி மரபணு ஒன்றைச் சேர்த்து வறட்சி தாங்கச் செய்த எச்பி4 என்ற ஒரேயொரு ரகம் இருக்கிறது. 2020இல் ஆர்ஜென்டீனா முதலில் அனுமதித்தது. அதற்கு முன் உலகில் எங்கும் வணிகக் கோதுமையில் இது இருந்ததில்லை.

சோயா மீட்டைப் பொறுத்தவரை பதில் மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜென்டீனா ஆகிய மூன்றிலும் விளையும் சோயாவில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றப்பட்டது. இந்தியாவில் அந்தச் சோயாவை விதைக்க அனுமதி இல்லை. நம் நாட்டில் அநுராதபுரம் பக்கம் விளைவதும் மாற்றப்படாததே. ஒரே நிறுவனம் இந்த மாதம் ஒரு நாட்டிலிருந்தும் அடுத்த மாதம் இன்னொரு நாட்டிலிருந்தும் எண்ணெய் நீக்கிய சோயா மா வாங்கலாம், விலையைப் பொறுத்து. ஆகவே “சோயா மீட் எல்லாம் அப்படித்தான்” என்பதும் தவறு, “ஒன்றும் இல்லை” என்பதும் தவறு. பெக்கட் இலக்கம் எந்த மூலப்பொருள் தொகுதியைச் சேர்ந்தது என்று சொல்லக்கூடியவர் உற்பத்தியாளர் ஒருவரே.

இனிச் சட்டம். 2001இல் இலங்கை மரபணு மாற்றப்பட்ட உணவுகளுக்கு முழுத் தடை அறிவித்தது. வெளிநாட்டு வர்த்தக அழுத்தம் வந்தது, உலக வணிக அமைப்பில் பேச்சு எழுந்தது, தடை ஒத்திவைக்கப்பட்டு அப்படியே நின்றுபோனது. அதற்குப் பதிலாக வந்தவை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2006இல் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள். 2007 ஜனவரி 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. சுருக்கமாகச் சொன்னால், மரபணு மாற்றப்பட்ட உணவையோ அதிலிருந்து செய்த பொருளையோ இறக்குமதி செய்யவும் விற்கவும் பிரதான உணவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் லேபலில் அதைச் சொல்ல வேண்டும். தற்செயலாகக் கலந்த அளவு 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் விலக்கு.

ஆக, “நம் நாட்டிலும் லேபல் கொண்டுவர வேண்டும்” என்று எழுதுகிறவர்கள் பல வருடங்கள் பிந்தி எழுதுகிறார்கள். விதி இருக்கிறது, அதுவும் உலகில் கடுமையான விதிகளில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை 0.9 சதவீதம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1. ஜப்பானில் 5. அமெரிக்காவில் 2016இல் சட்டம் நிறைவேறி, 2022 ஜனவரி முதல் கட்டாயமானது, அங்கும் 5. நம்முடைய குறை, எழுதிய விதி தோட்டக் கடை வரைக்கும் வந்து சேராததுதான்.

அந்த 0.5 சதவீதத்தைப் பற்றி அடிக்கடி நடக்கும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். அது பெக்கட்டின் மொத்த எடையில் அரை சதவீதம் அல்ல. ஒவ்வொரு சேர்மானத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 100 கிராம் பிஸ்கட்டில் அரை கிராம் சோயா லெசித்தின் இருக்கிறது, அந்த லெசித்தின் முழுவதும் மாற்றப்பட்ட சோயாவிலிருந்து வந்தது என்று வையுங்கள். பிஸ்கட்டில் அது 0.5தான். லெசித்தின் என்ற சேர்மானத்தில் அது நூற்றுக்கு நூறு. எனவே சொல்ல வேண்டும். “மிகக் கொஞ்சம்தானே போட்டோம்” என்று ஒரு உற்பத்தியாளர் தப்ப முடியாது. தற்செயல் என்ற சொல்லும் முக்கியம். கப்பலின் அறையில் முந்தின சரக்கின் மணிகள் மிஞ்சியிருந்து கலந்தால் அது தற்செயல். தெரிந்தே கால்வாசி கலந்து அரைத்தால் தற்செயல் ஆகாது.

சரி, பரிசோதித்துப் பார்த்துப் பிடிக்க முடியாதா என்றால், முடியும், ஆனால் எல்லாப் பொருளிலும் அல்ல. விவாதத்தின் பாதி இதில்தான் சிக்கிக் கிடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழு மணியாக இருந்தால் வேலை எளிது. மணியை அரைத்து, தண்ணீரில் கலக்கி, ஒரு காகிதப் பட்டியை அதில் நிறுத்தினால் சில நிமிடங்களில் கோடு விழும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டி வேலை செய்யும் அதே முறை. களைகொல்லியைத் தாங்கும் சோயாவில் சேர்த்த புரதத்தை அது பிடிக்கிறது. வேகவைத்த அல்லது சூட்டில் அழுத்திச் செய்த பொருளில் அந்தப் புரதம் உருக்குலைந்து போகிறது. சோயா மீட்டில் பட்டியை நனைத்து “கோடு வரவில்லை, சுத்தம்” என்றால் அந்த முடிவுக்குப் பெறுமதி இல்லை.

மணியிலும் எத்தனை மணி எடுக்கிறோம் என்பது பெரிய விஷயம். 0.5 சதவீதம் என்றால் 200க்கு ஒன்று. ஒரு பிடி அள்ளி 50 மணியைச் சோதித்தால், 0.5 சதவீதக் கலப்பு இருந்தும் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. ஒரு மணியாவது கையில் சிக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல ஏறக்குறைய 600 மணி வேண்டும், சோயாவில் அது கிட்டத்தட்ட 100 கிராம். அதையும் ஒரு மூட்டையின் மேல்வாயிலிருந்து அள்ளக்கூடாது. பல மூட்டையில், மேலும் நடுவும் அடியும் குத்தி எடுக்க வேண்டும்.

பதப்படுத்திய பொருளுக்கு டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறை. ஆய்வுகூடம் பெக்கட் முழுவதையும் நன்றாக அரைத்து அதில் 200 மில்லிகிராம் அளவே எடுக்கும், ஒழுங்காக அரைக்காவிட்டால் அந்தச் சிட்டிகை பெக்கட்டைப் பிரதிநிதித்துவம் செய்யாது. முதலில் சோயாவுக்கே உரிய ஒரு மரபணு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அது தெரியாவிட்டால் டிஎன்ஏ சிதைந்துவிட்டது என்று பொருள், “மாற்றம் இல்லை” என்று பொருள் அல்ல. இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம். பிறகு 35எஸ், நொஸ் என்று பெயருள்ள, பல மாற்றப்பட்ட பயிர்களுக்குப் பொதுவான இரண்டு துண்டுகளைத் தேடுவார்கள். இங்கே இரண்டு பக்கமும் வழுக்கும். 35எஸ் என்பது கோலிபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்தது. அந்த வைரஸ் கோவா, நோகோல், முள்ளங்கி இனத்துச் செடிகளில் இயல்பாகவே நோயாக வருகிறது. வைரஸ் பிடித்த நுவரெலியாக் கோவா ஒன்றைச் சோதித்தால் 35எஸ் “உண்டு” என்று வரலாம், அந்தக் கோவாவில் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள். மறுபக்கம், புதிய களைகொல்லி தாங்கும் சோயா ரகமான மொன் 89788இல் இந்த இரண்டு துண்டும் கிடையாது. இரண்டை மட்டும் தேடுகிற ஆய்வுகூடம் அதை “இல்லை” என்று எழுதிவிடும். ஆகவே எந்த ரகம் என்று குறித்துச் சோதித்த அறிக்கை மட்டுமே செல்லும்.

எண்ணெயில் இது எதுவும் ஓடாது. சுத்திகரித்த சோயா எண்ணெயிலும் சீனியிலும் சோளப் பாகிலும் டிஎன்ஏவும் புரதமும் எடுபட்டுப் போகின்றன. மாற்றப்பட்ட பயிரின் எண்ணெயும் மாற்றப்படாததின் எண்ணெயும் சோதனையில் ஒன்றே. இங்கேதான் நாடுகள் இரண்டாகப் பிரிகின்றன. அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் “பொருளில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் எழுத வேண்டாம்” என்கின்றன. ஐரோப்பா “எங்கிருந்து வந்தது என்பதைக் பொருளைக் கைமாற்றும் ஒவ்வொருவரும் எழுதி வைத்திருங்கள், எண்ணெயிலும் எழுதுங்கள்” என்கிறது. நம் விதிகளும் மாற்றப்பட்ட உயிரியிலிருந்து செய்யப்பட்ட பொருளைச் சேர்த்தே சொல்வதால், ஐரோப்பிய வழிக்குத்தான் கிட்ட நிற்கின்றன. அந்த வழியில் போகிற நாடு ஆய்வுகூடத்தைவிட விலைச்சிட்டையை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். பண்ணை, கப்பல், ஆலை, மொத்த வியாபாரி என்று சங்கிலியில் ஒருவர் கடதாசியைத் தொலைத்தாலும் அதற்குப் பிறகு எந்த இயந்திரமும் அதைத் திருப்பித் தராது.

இவ்வளவும் எதற்கு, சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதே தாய்மாரின் கேள்வி. நேராகச் சொல்கிறேன்: சந்தையில் அனுமதி பெற்றிருக்கும் மரபணு மாற்றப்பட்ட உணவுகள் மற்றவற்றைவிட ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு அதுதான். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட பெரிய மீளாய்வும் அதையே சொன்னது. எலிகளுக்குக் கட்டி வந்த படத்தை இன்றும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அது 2012இல் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வு. எலி எண்ணிக்கை போதாது, எடுத்த எலி இனமே வயதாகும்போது கட்டி வரும் இனம் என்ற காரணங்களால் வெளியிட்ட சஞ்சிகை 2013இல் அதை மீளப் பெற்றது. பின்னர் வேறொரு சஞ்சிகையில் மறுபடி வந்தாலும் அந்தக் குறைகள் அப்படியே இருந்தன. நீரிழிவுக்காரர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 1982 முதல் மரபணு மாற்றிய நுண்ணுயிரில் செய்யப்படுகிறது. சீஸ் உறைய வைக்கும் நொதியும் பெரும்பாலும் அப்படித்தான். அது வருவதற்கு முன் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். சைவ உணவுக்காரர் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஒவ்வாமை பற்றிய பயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றைச் சோயாவில் சேர்த்தபோது, அந்தக் கொட்டையின் ஒவ்வாமையும் கூடவே சோயாவுக்கு வந்தது 1996இல் உறுதியானது. சந்தைக்கு வரும் முன்பே அது நிறுத்தப்பட்டது, சோதனை செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. 2000இல் வேறொரு விதமாக நடந்தது. கால்நடைத் தீனிக்கு மட்டும் அனுமதித்த ஸ்டார்லிங்க் என்ற சோளம் அமெரிக்காவில் மனிதர் உண்ணும் டாக்கோ என்ற சோள ரொட்டி ஓடுகளில் அகப்பட்டது. பொருட்களைத் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வாமை வந்தது என்று முறையிட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் அந்தச் சோளம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், தீனியும் உணவும் ஒரே குழாயில் ஓடும் நாட்டில், எது எங்கே போனது என்று கண்டுபிடிக்க எழுதி வைத்த கடதாசி தேவைப்பட்டது. லேபலை நான் ஆதரிக்கும் காரணம் இதுவே. விஷம் என்று பயந்து அல்ல. நாளைக்கு ஏதாவது பிழையாகிப் போனால் எந்தத் தொகுதி, யார் வாங்கினார், யார் சாப்பிட்டார் என்று பின்னோக்கிப் போக வழி வேண்டும். அதோடு, ஒருவர் சமய காரணத்துக்காகவோ, களைகொல்லியை விரும்பாமலோ, பெரிய விதை நிறுவனங்களுக்குப் பணம் போகக் கூடாது என்றோ தவிர்க்க நினைத்தால், காரணத்தை யாரிடமும் நிரூபிக்காமல் தவிர்க்கும் உரிமை அவருக்கு உண்டு.

லேபலை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் சும்மா ஒதுக்க முடியாது. எழுதினாலே எச்சரிக்கை என்று மக்கள் எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள், அது நடக்கத்தான் செய்கிறது. தனிக் களஞ்சியம், தனி லொறி, கழுவித் துடைத்த ஆலை, சோதனைக் கூலி எல்லாம் விலையில் ஏறும் என்கிறார்கள். அதுவும் உண்மை, நாட்சம்பளத்தில் சாமான் வாங்கும் வீட்டில் அது உறைக்கும். ஆனால் அந்தச் செலவு, மாற்றப்படாதது என்று உறுதி சொல்லி விற்கும் பொருளில்தான் பெரும்பாலும் ஏறுகிறது. “இதில் மரபணு மாற்றப்பட்ட சோயா உண்டு” என்று ஒரு வரி அச்சடிக்க மைச் செலவுதான்.

நான் ஏற்காதது கியூஆர் குறியீட்டை மட்டும் போட்டுவிட்டு “சொல்லியாயிற்று” என்பது. அமெரிக்கச் சட்டம் அந்த வழியையும் திறந்துவைத்தது. சிக்னல் கிடைக்க மேட்டு லயத்துக்கு ஏற வேண்டிய இடத்தில், டேட்டா போடாத போனோடு, கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் ஓடிவந்து சாமான் வாங்கும் பெண்ணுக்கு அந்தக் கறுப்புக் கட்டம் என்ன சொல்லும்? சொல்ல வேண்டியதைத் தமிழில், சேர்மானப் பெயருக்குப் பக்கத்திலேயே, வாசிக்கக்கூடிய எழுத்தில் சொல்ல வேண்டும். இறக்குமதிப் பொருளில் ஒட்டும் விலை ஸ்டிக்கர் சேர்மானப் பட்டியலின் மேலேயே விழுவதையும் நிறுத்த வேண்டும்.

இந்த லேபல் சொல்லாத விஷயங்களும் இருக்கின்றன, அவை மலையகத்துக்கு இன்னும் கிட்டியவை. களைகொல்லியைத் தாங்கும் சோயாவில் பெரும்பாலும் அடிப்பது கிளைபோசேட். எவ்வளவு எச்சம் மிஞ்சியிருக்கிறது என்று “மரபணு மாற்றப்பட்டது” என்ற சொல் சொல்லாது, அதற்குத் தனியாக எச்ச எல்லைகள் உண்டு. அதே கிளைபோசேட் இங்கே 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை நீங்கியது. பெக்கட்டில் மிஞ்சியிருக்கும் எச்சத்தைவிட, கையுறையும் முகமூடியும் இல்லாமல் மலையில் மருந்தடிப்பவரின் தோலிலும் மூச்சிலும் போவது எத்தனையோ மடங்கு. உணவு லேபலுக்காகக் குரல் கொடுப்பவர்கள் அந்த மருந்துக் கேனின் லேபல் தமிழில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

கோழி இறைச்சியும் முட்டையும் லேபலுக்கு வெளியேதான் நிற்கும். நம் விதிகள் மனித உணவைப் பற்றியவை. மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கைத் தின்ற கோழியின் இறைச்சியில் அந்த மரபணு இருக்காது, ஐரோப்பாவிலும் அதற்கு லேபல் கேட்பதில்லை. கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவில் சோளமும் சோயாவும் இருப்பதால் அதையும் கேட்பார்கள். சோளத்தில் தாய்மார் கவனிக்க வேண்டிய முதல் ஆபத்து பூஞ்சணம் பிடித்தால் உருவாகும் அஃப்ளடொக்சின். எந்த விதையில் விளைந்தாலும் ஈரப்பதத்தில் அது வரும். மழைக்காலத்தில் லயத்துத் தரையிலோ ஈரச் சுவரோரமோ பெக்கட்டை வைக்காமல், திறந்ததை இறுக்கமான டின்னில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கட்டிபட்டதோ, பூஞ்சண வாடை வருவதோ பிள்ளைக்கு வேண்டாம். வறுத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த விவாதம் ஒருநாள் மலைக்கே வருமானால் உருளைக்கிழங்கின் வழியாகத்தான் வரும். மூடுபனியும் தூறலும் தொடர்ந்து நின்றால் இலையைக் கருக்கிச் சில நாளில் பாத்தியையே அழிக்கிற லேட் பிளைட் நோய்க்கு எத்தனை முறை மருந்தடிக்கிறீர்கள் என்று நுவரெலியாவில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். காட்டுக் கிழங்குகளின் எதிர்ப்பு மரபணுவைச் சேர்த்த கிழங்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. மூன்று எதிர்ப்பு மரபணுக்கள் சேர்த்த கிழங்கை உகண்டாவில் வயலில் சோதித்திருக்கிறார்கள். பங்களாதேஷ் 2013இல் பூச்சி எதிர்க்கும் கத்தரியை அனுமதித்தது. இந்தியா அதே கத்தரியை 2010இல் நிறுத்திவைத்தது. நமக்கு வரும்போது பயத்தாலோ விளம்பரத்தாலோ முடிவெடுக்காமல் பயிரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கிழங்கை விதைக்கிழங்கால் நடுகிறோம். பக்கத்துப் பாத்தி மகரந்தம் வந்து விழுந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் உங்கள் கிழங்கு மாறாது. சோளம் அப்படி அல்ல. பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் விழுந்த மணியிலேயே, அதே போகத்தில், அந்தக் குணம் ஏறிவிடும். நாட்டுச் சோள விதையை எடுத்து வைக்கிறவருக்கு அது நேரடி நட்டம். லேபல் கடைக்கு மட்டும் போதாது, விதைச் சாக்குக்கும் வேண்டும் என்பது இதனால்தான்.

இனிக் கடையில் நீங்கள் செய்யக்கூடியது. சேர்மானப் பட்டியலில் சோயா, சோளம், கனோலா, பருத்தி விதை எண்ணெய் என்ற நாலைத் தேடுங்கள், உற்பத்தி நாட்டையும் பாருங்கள். ஆங்கிலத்தில் மொடிஃபைட் ஸ்டார்ச் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். மாச்சத்தை இரசாயனத்தாலோ சூட்டாலோ பதப்படுத்தியது என்றுதான் அதற்குப் பொருள், மரபணுவோடு சம்பந்தமில்லை. உப்பிலும் தண்ணீரிலும் “மரபணு மாற்றம் இல்லாதது” என்று எழுதி விலை கூட்டினால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம், உப்புக்கு மரபணுவே கிடையாது. விநியோகஸ்தரிடம் கேட்கும்போது “ஜீன் மாற்றியதா?” என்று வாயால் கேட்டால் “இல்லை” என்று வாயால் பதில் வரும். சோயா எந்த நாட்டது, எந்தத் தொகுதி, அந்தத் தொகுதிக்குச் சோதனை அறிக்கை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், திறக்காத பெக்கட்டையும் விலைச்சிட்டையையும் வைத்து, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கொடுக்கலாம். உணவு மாதிரியை முறைப்படி முத்திரையிட்டு எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, நீங்களே திறந்து கொண்டுபோனது வழக்குக்கு உதவாது. லேபல் பொய் சொல்கிறது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

கடைசியாக, உங்கள் கையிலேயே இருக்கும் விஷயம் ஒன்று. தோட்டக் கடையில் பாதிச் சாமான் அவிழ்த்து, நிறுத்து, கடதாசியில் சுற்றிப் போகிறது. சாக்கை அவிழ்த்த நிமிடத்தில் லேபலும் போய்விடுகிறது. சோயா மீட்டையோ சோளமாவையோ சில்லறையாக விற்கிறீர்கள் என்றால் சாக்கின் வாய்த்தையலில் இருக்கும் அட்டையை வெட்டி, திறந்த திகதியை அதில் எழுதி, அந்தச் சாக்கு முடியும் வரை தராசுக்கு மேலே ஒரு ஆணியில் குத்தி வையுங்கள். கேட்டு வரும் தாய்க்கு அதையே எடுத்துக் காட்டலாம்.